தாரிணியின் கடைசிக் கட்டம்

ஐஎன்எஸ்வி தாரிணி, கோவாவில் கட்டப்பட்ட 55 அடி நீளப் பாய்மரப் படகு. இந்தியக் கடற்படையின் பெண் அதிகாரிகள் ஆறு பேர் 2017 செப்டம்பர் 10 அன்று இதில் உலகைச் சுற்றக் கோவாவிலிருந்து புறப்பட்டனர். வர்த்திகா ஜோஷி தலைமை ஏற்ற குழுவில், கடலே இல்லாத ஹைதராபாத்திலிருந்து வந்த ஐஸ்வர்யா போட்டபாட்டியும் ஒருவர். ஃப்ரீமாண்டில், லிட்டல்டன், ஸ்டான்லி, கேப்டவுன் துறைமுகங்களைக் கடந்து படகு தாயகம் நோக்கித் திரும்பியது.

கடைசிக் கட்டத்தில் சுக்கானைத் திருப்பும் கருவி பழுதானது. சுக்கான் கைக்கு அடங்காவிட்டால் பாய் நிறையக் காற்றிருந்தும் பயனில்லை. திட்டத்தில் இல்லாத மொரீஷியஸின் போர்ட் லூயியில், ஏப்ரலில் படகு ஒதுங்கியது. பழுது நீங்கியதும் குழுவினர் நிலநடுக்கோட்டை இரண்டாம் முறை கடந்து வடக்கே வந்தனர்.

254 நாள்களில் ஏறத்தாழ 21,600 கடல் மைல் கடந்து, 2018 மே 21 அன்று தாரிணி கோவாவை அடைந்தது. பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் ஐஎன்எஸ் மாண்டவி தளத்தில் குழுவினரை வரவேற்றார். பெண்கள் மட்டுமே செலுத்திய இந்தியப் படகொன்று உலகைச் சுற்றி வந்தது அதுவே முதல் முறை.