பீமன் போட்டுவிட்டுப் போன பன்னிரண்டு

முன்பெல்லாம் கையில் கட்டுகிற வாட்ச் மணி மட்டும் சொல்லும். சாவி கொடுக்க மறந்தால் அதையும் சொல்லாது. இப்போது வருகிற வாட்ச் இருக்கிறதே... அது மணிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஹெட்மாஸ்டர்! ஒரு மணி நேரம் நாற்காலியை விட்டு நகராவிட்டால் 'விர்'ரென்று அதிர்ந்து, 'எழுந்திருப்பா' என்கிறது. வைத்த இலக்கைத் தொட்டால் திரையில் வாணவேடிக்கை. ஏழு நாள் விடாமல் நடந்தால் ஒரு பேட்ஜ். வார இறுதியில் சேலஞ்ச். ஆபீஸில் பக்கத்து சீட்காரர் உங்களைவிட எத்தனை அடி அதிகம் நடந்தார் என்று ஒரு பட்டியல் வேறு. ராத்திரி பதினோரு மணிக்கு, பாக்கி இருக்கிற முந்நூறு அடிக்காக ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிற குடும்பத் தலைவர்கள் நகரத்தில் பெருகிவிட்டார்கள்.

தொட முடியாத, தின்ன முடியாத, அடகு வைக்க முடியாத ஒரு பொம்மைப் பதக்கத்துக்காக மனுஷன் ஏன் இப்படி நடக்கிறான்?

இதற்குப் பதில் தேட அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுக்க வேண்டாம். நாகர்கோவிலுக்கு எடுத்தால் போதும். ஆனால், மாசி மாதத்தில் மகா சிவராத்திரிக்கு முந்தின நாள் போய்ச் சேர வேண்டும்.

நாஞ்சில் நாடு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது வயலும் தெப்பக்குளமும் சுசீந்திரம் கோபுரமும். அதெல்லாம் தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். அங்கிருந்து மேற்கே போனால் பழைய கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள். வாழையும் ரப்பரும் தென்னையுமாக ஏறி இறங்கும் பூமி. அங்கே, முஞ்சிறையை ஒட்டிய திருமலை மகாதேவர் கோயில் வாசலில் அன்றைக்குக் கூட்டம் கூடும். காவி வேட்டி, கழுத்தில் மாலை, கையில் பனையோலை விசிறி. இரண்டு சின்னத் துணிப்பைகள்... ஒன்றில் திருநீறு, இன்னொன்றில் வழிச்செலவுக்குக் காசு. தரிசனம் முடிந்ததும் திடீரென்று ஒரு குரல் எழும். சிவன் கோயில் வாசலில் எழும் அந்தக் குரல் என்ன சொல்லும் தெரியுமா? "கோவிந்தா... கோபாலா!"

அவ்வளவுதான். கூட்டம் ஓடத் தொடங்கிவிடும். இதுதான் சிவாலய ஓட்டம். உள்ளூர்ப் பேச்சில் சாலய ஓட்டம். ஓடுகிறவர்களுக்குப் பெயர் கோவிந்தன்மார்.

கணக்கு இது: மொத்தம் பன்னிரண்டு சிவாலயங்கள். திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, கடைசியாகத் திருநட்டாலம். இந்த வரிசையில்தான் போக வேண்டும். தூரம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். 108 என்பவர்களும் உண்டு, 118 என்பவர்களும் உண்டு. (ஓடி முடித்தவரிடம் கேட்டால் இருநூறு என்பார், பாவம்!) ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு உள்ளே போய், விசிறியால் சாமிக்கு வீசிவிட்டு, மறுபடி ஓட்டம். சம்பிரதாயப்படி வெறுங்கால். ராத்திரி முழுக்க, மறுநாள் பகல் முழுக்க. சிவராத்திரி அன்று திருநட்டாலத்தைத் தொட்டால் கணக்கு நேர்.

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. தருமர் யாகம் செய்கிறார். அதற்குப் புருஷாமிருகத்தின் பால் வேண்டும். பாதி மனிதன், பாதி விலங்கு. பரம சிவபக்தன். விஷ்ணுவின் பெயரைக் கேட்டாலே கோபம் தலைக்கேறும். பால் கொண்டுவரப் பீமனை அனுப்பும் கண்ணன், அவன் கையில் பன்னிரண்டு ருத்ராட்சங்களைக் கொடுக்கிறான். பீமன் போய், "கோவிந்தா... கோபாலா" என்கிறான். புருஷாமிருகம் பாய்கிறது. பீமன் ஓட்டம் பிடிக்கிறான். பிடிபடும் நேரத்தில் ஒரு ருத்ராட்சத்தைக் கீழே போடுகிறான். அது சிவலிங்கமாகிவிடுகிறது. சிவலிங்கத்தைக் கண்டபின் பூஜை செய்யாமல் தாண்ட முடியுமா? புருஷாமிருகம் நின்று கும்பிட, அந்த இடைவெளியில் பீமன் ஓடிவிடுகிறான். இப்படியே பன்னிரண்டு இடம். கடைசியில் பீமனின் ஒரு கால் புருஷாமிருகத்தின் எல்லைக்குள், ஒரு கால் வெளியே. பிடிபட்டான். வழக்கு தருமரிடம் போகிறது. தம்பியாயிற்றே என்று பார்க்காமல், "பாதி உடம்பு புருஷாமிருகத்துக்கு" என்று தீர்ப்புச் சொல்கிறார் தருமர். அந்த நேர்மையில் புருஷாமிருகம் மனம் குளிர்ந்து பீமனை விட்டுவிடுகிறது. அரியும் சிவனும் ஒன்று என்று இருவருக்கும் புரிகிறது. திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் கோயிலும் இருப்பது அதனால்தான் என்பார்கள்.

கதையை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். இடங்கள் நிஜம். திருநந்திக்கரைக் குடைவரையில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. திருவிதாங்கோடுதான் திருவிதாங்கூர் ராஜ்ஜியத்துக்கே பெயர் கொடுத்த ஊர். கல்குளம் என்பது பத்மநாபபுரம், 18-ம் நூற்றாண்டின் கடைசி வரை அந்த ராஜ்ஜியத்தின் தலைநகர். தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. 1956 நவம்பர் 1-ல் இந்தப் பகுதியே தமிழ்நாட்டோடு சேர்ந்தது. கோவிந்தன்மார் இன்னும் ஓடுகிறார்கள்.

இனி வாட்ச்சுக்கு வருவோம். வாட்ச் கம்பெனிக்காரர்கள் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்ததெல்லாம் இந்த ஓட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. பெரிய தூரத்தைப் பன்னிரண்டாக நறுக்கியாயிற்று. 'நூறு கிலோமீட்டர்' என்றால் கால் நடுங்கும். 'அடுத்து திற்பரப்பு' என்றால், சரி, போய்விடலாம் என்று தோன்றும். ஆரம்பத்தில் கோயிலுக்குக் கோயில் தூரம் அதிகம். உடம்பு ஓய்கிற நேரத்தில் கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு என்று அடுத்தடுத்து இலக்குகள் கிட்டத்தில் வருகின்றன. இலக்கு நெருங்க நெருங்கக் கால் தானாக வேகமெடுக்கும் என்று 1930-களில் கிளார்க் ஹல் என்ற அமெரிக்க உளவியல்காரர் எலிகளை ஓடவிட்டு எழுதினார். நம்மூரில் எலிக்குப் பதில் பீமன்!

நடந்ததற்கு அடையாளம் கேட்பது உலகம் முழுக்க உள்ள ஆசை. ஸ்பெயினில் சந்தியாகோ யாத்திரை போன ஐரோப்பியர்கள் 12-ம் நூற்றாண்டிலேயே கிளிஞ்சலை உடையில் குத்திக்கொண்டு ஊர் திரும்பினார்கள். இன்றும் அங்கே சான்றிதழ் வேண்டுமென்றால் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து, வழிநெடுக முத்திரை வாங்கிக் காட்ட வேண்டும். ஜப்பானில் ஷிகோகு தீவின் 88 கோயில் யாத்திரைக்கும் முத்திரைப் புத்தகம் உண்டு. அவ்வளவு தூரம் ஏன்? சபரிமலைக்கு முதல் தடவை போகும் கன்னிசாமி சரங்குத்தியில் சரம் குத்துகிறார். பதினெட்டாவது வருஷம் போகிறவர் தென்னங்கன்று கொண்டுபோகிறார். அதுவும் பேட்ஜ்தானே!

இருபதாம் நூற்றாண்டில் இந்த வேலையை அரசாங்கங்கள் எடுத்துக்கொண்டன. 1931-ல் சோவியத் யூனியன், ஓடு, தாண்டு, நீந்து என்று பரீட்சை வைத்து மார்பில் குத்த பேட்ஜ் கொடுத்தது. நம் மத்திய அரசும் 1959-60-ல் தேசிய உடல்திறன் இயக்கம் என்று ஒன்றைத் தொடங்கி, தேறியவர்களுக்கு ஒரு நட்சத்திரம், இரண்டு நட்சத்திரம், மூன்று நட்சத்திர பேட்ஜ்கள் வழங்கியது. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம், 1965-ல், ஒரு ஜப்பானியக் கம்பெனி இடுப்பில் மாட்டும் அடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மான்போ-கெய்'. அர்த்தம், பத்தாயிரம் அடி மீட்டர். இன்று உலகமே துரத்துகிற அந்தப் பத்தாயிரம், அந்த வியாபாரப் பெயரிலிருந்து பிரபலமானதுதான். 2019-ல் அமெரிக்காவில் 16,000-க்கும் மேற்பட்ட வயதான பெண்களை வைத்து நடந்த ஆய்வில், தினம் 4,400 அடி நடந்தவர்களுக்கே ஆயுள் பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் போனால் கூடுதல் லாபம் பெரிதாக இல்லை. ஆகவே, ராத்திரி பதினோரு மணிக்கு ஹாலில் நடப்பவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

சரி, பேட்ஜ் கொடுத்தால் ஜனங்கள் நடக்கிறார்களா? நடக்கிறார்கள். கொஞ்ச நாள்!

சிங்கப்பூரில் 13 நிறுவனங்களைச் சேர்ந்த 800 ஊழியர்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்து, 2016-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு அடிமானி மட்டும். இன்னொன்றுக்கு அடிமானியோடு, நடந்தால் பணம். ஆறு மாதம் பணம் கொடுத்தார்கள், நடந்தார்கள். பணத்தை நிறுத்தினார்கள், நடையும் பழைய இடத்துக்கு இறங்கிவிட்டது. வருஷக் கடைசியில் கருவியை மாட்டிக்கொண்டிருந்தவர்கள் பத்துக்கு ஒருவர்தான்.

அதைவிட விசேஷம், 1973-ல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்ட் பரிசோதனை. படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகளிடம், 'வரைந்தால் ரிப்பன் கட்டிய சான்றிதழ் தருவோம்' என்று சொல்லி வரையச் சொன்னார்கள். சான்றிதழும் கொடுத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தக் குழந்தைகள் தாமாக வரைகிற நேரம் மற்றக் குழந்தைகளைப் போல் பாதியாகக் குறைந்துவிட்டது. முன்பு விளையாட்டாக இருந்தது, பரிசு வந்ததும் வேலையாகிவிட்டது!

ஆனால், எல்லாப் பரிசும் இப்படி முடிவதில்லை. அமெரிக்காவில் 602 பேரை வைத்து நடந்து, 2019-ல் வெளியான ஆய்வில், அடி எண்ணிக்கையை விளையாட்டாக்கி புள்ளியும் படிநிலையும் கொடுத்தார்கள். ஆட்டம் முடிந்து பன்னிரண்டு வாரம் ஆன பிறகும் கூடுதல் நடை மிஞ்சியிருந்தது ஒரே குழுவில்தான். மற்றவர்களோடு போட்டி போட்ட குழு அது. 

இங்கேதான் சாலய ஓட்டம் வாட்ச்சைவிட ஒரு படி மேலே நிற்கிறது. இதில் முதல் பரிசு கிடையாது. யார் முந்தி வந்தார் என்று பட்டியல் கிடையாது. சான்றிதழ் கிடையாது. கோயிலுக்குக் கோயில் கிடைப்பது நெற்றியில் கொஞ்சம் திருநீறோ சந்தனமோ. அதுவும் அடுத்த கோயில் குளத்தில் முங்கினால் கரைந்து போய்விடும்! அப்படியும் ஓடுகிறார்கள் என்றால், இழுத்துக்கொண்டு போவது வேறு எதுவோ. தேதியை நாம் வைப்பதில்லை, பஞ்சாங்கம் வைக்கிறது. 'இன்றைக்கு மழை, நாளைக்குப் பார்க்கலாம்' என்று ஸ்னூஸ் பட்டன் அழுத்த முடியாது. ஒரு வாரம் முன்பே மாலை போட்டு விரதம் இருந்தாகிவிட்டது, தெருவுக்கே தெரியும். நடுராத்திரியில் வழியோரத்து வீடுகளில் விளக்கெரிகிறது. "கோவிந்தன்மாரே, ஒரு வாய் மோர் குடிச்சுக்கிட்டுப் போங்க" என்று யாரோ செம்பை நீட்டுகிறார்கள். பானகம், சுக்குத் தண்ணீர், கஞ்சி. கால் பிசகி உட்கார்ந்தால் பின்னால் வருகிறவர் கை கொடுப்பார். வாட்ச் போட்டவர் நடப்பதை நிறுத்தினால் யாருக்குத் தெரியும்? சார்ஜ் இறங்கி, வாட்ச் அலமாரிக்குள் போகும். அவ்வளவுதான்.

இப்போது ஒரு சங்கடமான விஷயம். சில பத்தாண்டுகளாக சிவராத்திரி அன்று அந்தச் சாலைகளில் கால் சத்தத்தைவிட எஞ்சின் சத்தம் அதிகம். பைக்கில், காரில், வேனில் பன்னிரண்டு கோயிலையும் ஒரே பகலில் முடித்துவிடுகிறார்கள். நடக்க முடியாத பெரியவர்களுக்கும் கைக்குழந்தைக்காரர்களுக்கும் இது வரப்பிரசாதம், குறை சொல்வதற்கில்லை. ஆனால், கால் திடமாக இருக்கிற இளவட்டங்களும் ஹாரன் அடித்துக்கொண்டு, வெறுங்காலில் ஓடுகிறவர் முகத்தில் புகையை விட்டுப் போவதைப் பார்த்தால் கேட்கத் தோன்றுகிறது: "தம்பி, பீமன் பஸ் பிடிச்சா போனான்?"

'பன்னிரண்டும் முடிச்சாச்சு' என்பது எண்ணிக்கை. எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டால் ஓட்டம் போய்விடும். வாட்ச் கட்டிய கையைச் சோபாவில் உட்கார்ந்தபடியே ஆட்டினால் அடி ஏறுகிறதே, அதே கதைதான். அடையாளம் முதலில் தூரத்துக்காக வந்தது. நாளாவட்டத்தில் தூரத்தை விழுங்கிவிட்டு அடையாளம் மட்டும் நிற்கிறது. ஸ்டான்ஃபோர்ட் குழந்தைகளுக்கு நடந்தது இதுதான். முஞ்சிறைச் சாலையில் நடப்பதும் கொஞ்சம் இதுதான்.

வாட்ச்சைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் வீட்டுக்கு வீடு புகுந்துவிட்ட காலத்தில், எது நாலு அடி நடக்க வைத்தாலும் கும்பிடலாம். ஆனால், முதல் பேட்ஜ் வாங்கின கையோடு தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு நேரம், ஒரு பாதை, வராவிட்டால் "என்ன ஆச்சு, நேத்து ஆளைக் காணோமே?" என்று கேட்க ஒருவர். அது போதும், சார்ஜ் போட வேண்டியதில்லை.

கதையை இன்னொரு தரம் பாருங்கள். பீமன் கிளம்பும்போது கை நிறைய பன்னிரண்டு ருத்ராட்சம். ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே ஓடினான். திருநட்டாலம் வந்து சேர்ந்தபோது கையில் ஒன்றுகூட மிச்சமில்லை. அவன் போட்டுவிட்டுப் போன இடத்தில்தான் இன்றும் கோயில் இருக்கிறது... ஜனங்களும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்!