பத்துத் தந்தி வயலினும் அதன் கேட்போரும்

1984ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில், நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவில், இசைத்தட்டு ஒன்று ஒலிப்பதிவு செய்யப்பட்டது. 'சோங் ஃபோர் எவ்ரிவன்', அதாவது எல்லோருக்குமான பாடல், என்பது அதற்கு இடப்பட்ட பெயர். இரட்டைக் கழுத்தும் பத்துத் தந்திகளும் கொண்ட மின்வயலினை எல். சங்கர் வாசித்தார். நோர்வேயின் புகழ்பெற்ற ஜாஸ் கலைஞர் யான் கார்பரெக் சாக்சபோன் வாசித்தார். தபேலாவுக்கு சாகிர் உசேன். பிற தாளவாத்தியங்களுக்குத் திரிலோக் குர்ட்டு. இந்நால்வருடன் ஐந்தாவதாக ஒரு கலைஞரும் உண்டு. அது மனிதனன்று, சங்கரே தாளக்கட்டு அமைத்துக் கொடுத்த ஒரு மின்தாள இயந்திரம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஒரு தமிழர் ஜாஸ் உலகுக்கு அளித்த இந்த ஆக்கம் எவ்வாறு கேட்கப்பட்டது, எவ்வாறு கேட்கப்படாமற் போயிற்று என்பது, அதற்கு முந்திய பதினைந்து ஆண்டுகளின் கதையை அறியாமல் விளங்காது.

சங்கரின் தந்தையார் வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். பக்கவாத்தியமாகவே மதிக்கப்பட்டுவந்த வயலினைத் தனிக்கச்சேரிக்குரிய வாத்தியமாக உயர்த்தவேண்டும் என்பது அவருடைய தணியாத அவா. புதல்வர்களான வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய மூவரும் அவரிடமே பயின்றனர். 1958ஆம் ஆண்டின் இனக்கலவரத்தை அடுத்துக் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. மூத்தவர் பிற்காலத்தில் 'ஏழாவது மனிதன்', 'பேசும் படம்' ஆகிய திரைப்படங்களுக்கு இசையமைத்தவர் என்றால் வாசகர் உடனே இனங்கண்டுகொள்வர். சங்கர் 1969இல் அமெரிக்கா சென்றார்.

அவர் போய்ச்சேர்ந்த காலத்தில் ஜாஸ் உலகு இரண்டுபட்டு நின்றது. 1970இல் மைல்ஸ் டேவிஸ் வெளியிட்ட 'பிட்சஸ் புரூ' என்னும் இரட்டைத்தட்டு மின்பியானோக்களையும் மின்கிற்றாரையும் ஜாசில் முன்னிறுத்தியது. ஒலிப்பதிவு நாடாவை வெட்டி ஒட்டி, எதிரொலி சேர்த்துத் தயாரிப்பாளர் தியோ மசேரோ அதனைக் கட்டியமைத்தார். பழைய ஜாசில் ஊறிய விமர்சகர் பலர், டேவிஸ் சந்தைக்கு விலைபோய்விட்டார் என்றே தீர்ப்பளித்தனர். இளைஞரோ தட்டை வாங்கிக் குவித்தனர்; அமெரிக்கத் தரவரிசையில் அது 35ஆம் இடத்தை எட்டியது. அத்தட்டில் மின்கிற்றார் வாசித்தவர் யோர்க்சயரில் பிறந்த ஜோன் மக்லாக்லின். அவர் பின்னர் நிறுவிய மகாவிஷ்ணு இசைக்குழு, செவிகளை அதிரவைக்கும் மின்னொலியால் பெயர்பெற்றது. 1973இல் வெளிவந்த 'பேட்ஸ் ஒஃப் ஃபயர்' 15ஆம் இடம்வரை ஏறியது.

அந்த உச்சியில் நின்றபோதுதான் மக்லாக்லின் மின்னொலியைக் கைவிட்டார். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். இராமநாதனிடம் அவர் வீணை பயின்றவர். சங்கர், சாகிர் உசேன், கடம் வித்துவான் விக்கு விநாயகராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன் ஆகியோருடன் அவர் தொடங்கிய 'சக்தி' குழுவின் முதல் தட்டு, 1975 யூலை 5ஆம் நாள் நியூயோர்க் மாநிலத்துச் சவுதாம்ரன் கல்லூரியில் அவையோர் முன்னிலையில் பதிவாகி மறுவருடம் வெளிவந்தது. மேடையில் மின்கிற்றாரும் இல்லை, முழங்கும் மேலைநாட்டு முரசுகளும் இல்லை. பிரதான தந்திகளின் கீழே குறுக்காகச் சில அனுதந்திகள் பூட்டப்பட்ட மரக்கிற்றார் ஒன்றே அவர் கையில் இருந்தது.

அக்கல்லூரி அவையோரின் ஆரவாரம் தட்டிலேயே பதிவாகியிருக்கிறது. கோர்வைகள் சமத்தில் வந்து விழும்போது எழும் கரவொலியைக் கேட்போர், அங்கிருந்தவர்கள் தாளக்கணக்கு அறியாதவர்களாயினும் அதன் இறுக்கத்தை உணர்ந்தார்கள் என்பதை ஒப்புக்கொள்வர். ஆயினும் அரங்கில் கிடைத்த வரவேற்பு கடையில் கிடைக்கவில்லை. மகாவிஷ்ணுவின் பெயரை நம்பி வாங்கியவர் எதிர்பார்த்தது வேறு. தட்டை வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் எதிர்பார்த்ததும் அதுவே. மூன்று தட்டுக்களோடு குழு கலைந்தது. 1978இல் மக்லாக்லின் வெளியிட்ட அடுத்த தட்டின் பெயரே, அவர் 'மின்கிற்றார்க் கலைஞர்' என்று அறிவித்தது. சந்தைக்கு அவர் கொடுத்த பதிலாகவே அதனைக் கொள்ளத் தோன்றுகிறது. மின்சாரம் சேர்த்தமைக்காக ஒருவரும் அதனை நீக்கியமைக்காக இன்னொருவரும் குற்றஞ்சாட்டப்பட்ட விசித்திரம் ஒரே தசாப்தத்துள் நிகழ்ந்தது. புதுமையை வேண்டுவோரும் தாம் பழகிய புதுமையையே வேண்டுகிறார்கள் போலும்!

சங்கர் இதற்கு எதிர்த்திசையில் நடந்தார். மரவாத்தியத்தோடு நின்றுவிடாமல், கென் பாக்கர் என்னும் வாத்தியக் கைவினைஞரைக் கொண்டு இரட்டை வயலினைச் செய்வித்தார். வயலின் முதல் டபிள் பாஸ் வரையான தந்தி வாத்தியங்கள் அனைத்தினதும் வீச்சை அது தன்னுள் அடக்கியது. ஒரு கழுத்தில் வாசிக்கையில் மறுகழுத்துத் தந்திகள் உடன் அதிரும். ஜேர்மனியின் மியூனிக் நகரிலிருந்து ஜாஸ் தட்டுகளை வெளியிட்டுவந்த ஈ.சி.எம். நிறுவனத்துக்காக 1980இல் இவ்வாத்தியத்தில் அவர் பதிவுசெய்த 'ஹூஸ் டு நோ' ஒரு புதிர். வாத்தியம் மின்வாத்தியம், நிறுவனம் ஜாஸ் நிறுவனம், உள்ளே இருப்பதோ இராகம் தானம் பல்லவியும், 'ஆனந்த நடமாடும் பாதம்' என்னும் தமிழ்ப் பெயருடைய உருப்படியும். மிருதங்கம் உமையாள்புரம் சிவராமன். தாளம் போட்டவர் தந்தையார் லட்சுமிநாராயணாவே. ஜாஸ் கடையில் அதனை எந்தத் தட்டடுக்கில் வைப்பது என்பதே சிக்கலாயிருந்திருக்கும். சபா இரசிகருக்கோ அது சபாவுக்கு வெளியே நிகழ்ந்த கச்சேரி.

இத்தகைய முன்கதையுடன்தான் 'சோங் ஃபோர் எவ்ரிவன்' வந்தது. ஈ.சி.எம். தட்டுகளின் நிலையான சுவைஞர் அமைதியையும் இடைவெளியையும் விரும்புவோர். அவர்களுக்கு மின்தாள இயந்திரத்தின் ஒலி, அன்றைய பொப் இசையின் நடன அரங்குகளை நினைவூட்டியிருத்தல் இயல்பே. இக்குறையை முற்றாக மறுத்தற்கில்லை. சில இடங்களில் இயந்திரத்தின் அடி வறண்டு ஒலிக்கிறது. சாகிர் உசேன் பக்கத்தில் இருக்கும்போது அந்த வறட்சி இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. எனினும் அசையாத காலப்பிரமாணம் கர்நாடக இசையில் குறையன்று, குணம். கையால் போடும் தாளம் மாறாது நிற்க, மிருதங்கம் அதன்மேல் ஏறியும் இறங்கியும் விளையாடுவது நம்மவர்க்குப் பழகிய முறை. 1980இல் தந்தையாரின் கை செய்த வேலையை 1984இல் இயந்திரத்திடம் ஒப்படைத்தார் சங்கர் என்று கொண்டால், அந்த அடி பொப் இசையிலிருந்து இரவல் வாங்கியது என்ற தீர்ப்பு அவசரமானதாகும். இயந்திரத்தால் இயலாத ஒன்று உண்டு: நல்ல பிரயோகத்துக்குத் தலையசைப்பது. அக்குறையைக் குர்ட்டுவும் உசேனும் நிரப்புகின்றனர்.

ஈழத்துக் கேட்போர் நிலை என்ன? ஒஸ்லோப் பதிவுக்குப் பதினான்கு மாதங்களுக்கு முன், 1983 யூலையில், தீவெங்கும் தமிழர் தாக்கப்பட்டனர். துறைமுகப் பட்டினமாகிய திருகோணமலையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அதன்பின் வந்த ஆண்டுகளில் ஐரோப்பிய ஜாஸ் தட்டொன்றைத் தேடிக் கேட்கும் வசதி எவருக்கு வாய்த்திருக்கும்? அதே 80களில் திருகோணமலையில் ஜேர்மானிய வானொலியின் சிற்றலை அஞ்சல் நிலையம் எழுந்தது. அதன் வானலைக் கம்பங்களை இந்தியா ஐயத்தோடு நோக்கிற்று. 1987ஆம் ஆண்டின் இந்திய-இலங்கை ஒப்பந்தத்துடன் பரிமாறப்பட்ட கடிதங்களில், துறைமுகத்தைப் பற்றிய வாக்குறுதிக்கு அருகிலேயே அந்நிய ஒலிபரப்பு நிலையங்களை மீளாய்வு செய்வது பற்றிய வாக்குறுதியும் இடம்பெற்றது. வானொலிக் கம்பமும் படைக்கலமாகக் கருதப்பட்ட கரையில், இசைக்குச் செவிகொடுக்கும் ஓய்வு அரிதாகவே இருந்தது. அந்நிலையம் 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கப்பட்டது.

ஒஸ்லோத் தட்டின் ஏழு உருப்படிகளுள் ஒன்றின் பெயர் 'லெட்ஸ் கோ ஹோம்', வீட்டுக்குப் போவோம் என்பது. எட்டு வயதில் வீடிழந்து கடல் கடந்தவர் அப்பெயரை இட்டார் என்பதற்குமேல் அதில் பொருள் ஏற்ற வேண்டியதில்லை.

காலம் தீர்ப்புகளைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறது. சக்தி 1997இல் 'ரிமெம்பர் சக்தி' என்ற பெயரில் மீண்டும் கூடியது. 2023இல் வெளியான 'திஸ் மொமென்ட்' அடுத்த ஆண்டு பெப்ரவரியில் கிராமி விருது பெற்றது. அதே 2024 டிசம்பரில் சாகிர் உசேன் காலமானார். விருது பெற்ற தட்டில் வயலின் வாசித்தவர் கணேஷ் இராஜகோபாலன். பழைய சங்கர் அதில் இல்லை. ஒஸ்லோத் தட்டுக்கு விருதும் இல்லை, மறுகூடலும் இல்லை. ஆனால் அதிலுள்ள 'பேப்பர் நட்' என்னும் உருப்படியைக் கார்பரெக் விடவில்லை. 2007இல் அவர் ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரில் நிகழ்த்திய கச்சேரி 2009இல் இரட்டைத்தட்டாக வெளிவந்தபோது, அதன் முதல் உருப்படியாக அதுவே அமைந்தது. வயலின் இல்லை, தபேலா இல்லை; இயந்திரம் இருந்த இடத்தில் மனு கச்சே முரசு வாசித்தார்.