உறுப்புரிமையின் வரலாறு: அமெரிக்கப் புற்றுநோய்த் தொழில்முறைச் சங்கங்களும் செவிலியரும் (1907–1986)

ஆய்வுச்சுருக்கம்

புற்றுநோய்ச் சிகிச்சைப் பணியாளர்கள் தமக்கெனத் தொழில்முறைச் சங்கங்களை அமைத்துக்கொண்ட வரலாற்றை, அச்சங்கங்களில் யார் சேரலாம் என்னும் விதியின் வழியாக இக்கட்டுரை ஆராய்கிறது. களம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். 1975ஆம் ஆண்டு உருவான புற்றுநோய்ச் செவிலியர் சங்கம் முதன்மைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. செவிலியரைப் பொறுத்தவரை உறுப்புரிமை என்பது வெறும் மதிப்பு அடையாளமாக நிற்கவில்லை. தாம் அன்றாடம் செய்துவந்த வேலையின் ஆபத்தை அறிந்துகொள்ளும் வழியாகவும் அது அமைந்தது என்பது இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: புற்றுநோய், தொழில்முறைச் சங்கம், உறுப்புரிமை, செவிலியர், வேதிமருந்துச் சிகிச்சை.

முன்னுரை

மருத்துவ வரலாற்று நூல்கள் பெரும்பாலும் கண்டுபிடிப்புகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளன. எந்த மருந்து எந்த ஆண்டில் எவரால் கண்டறியப்பட்டது என்பதை அவை விரிவாகக் கூறும். அம்மருந்தை நோயாளியின் நரம்பில் ஏற்றியவர் யார், அதற்கான பயிற்சியை அவர் எங்குப் பெற்றார் என்பன போன்ற வினாக்களுக்கு அவற்றில் விடை காண்பது அரிது. இவ்வினாக்களுக்கு விடை தேடுவோருக்குச் சங்கங்களின் சேர்க்கை விதிகள் நல்ல சான்றாகின்றன. ஒரு சங்கம் தன் உறுப்பினர் யார் என வரையறுக்கும்போது, அத்துறையின் பணியாளர் யார் என்பதையும் உடன் வரையறுத்துவிடுகிறது.

இங்குச் சொல் பற்றிய ஒரு தெளிவு தேவை. தமிழில் ‘சங்கம்’ என்னும் சொல் புலவர் அவையையும் குறிக்கும். தொழிலாளர் அமைப்பையும் குறிக்கும். அமெரிக்கச் செவிலியர் வரலாற்றில் இவ்விரண்டும் ஒரே அமைப்புக்குள் சிலகாலம் நெருக்கமாக இயங்கின. அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1946ஆம் ஆண்டு பொருளாதாரப் பாதுகாப்புத் திட்டம் ஒன்றை ஏற்று, ஊதியம் குறித்த கூட்டுப் பேரத்திலும் இறங்கியது. பின்னர்த் தோன்றிய புற்றுநோய்ச் செவிலியர் சங்கமோ ஊதியப் பேரத்தைத் தன் பணியாகக் கொள்ளவில்லை. கல்வி, ஆய்வு, பணித்தரம் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டது. இக்கட்டுரையில் ‘சங்கம்’ என்பது இவ்விரண்டாம் பொருளிலேயே வழங்குகிறது.

ஆய்வாளரும் மாணாக்கரும்

1907ஆம் ஆண்டு மே மாதம் வாஷிங்டன் நகரில் பதினொருவர் கூடி அமெரிக்கப் புற்றுநோய் ஆய்வுச் சங்கத்தை நிறுவினர். நோய்க்குறியியல் அறிஞர் ஜேம்ஸ் யூவிங் அவர்களுள் ஒருவர். மருத்துவர் அல்லாத உயிர்வேதியியலாளர் ஜார்ஜ் குளோஸும் நிறுவனருள் இடம்பெற்றிருந்தார் என்பது கருதத்தக்கது. அதாவது, இச்சங்கத்தின் வாயில் மருத்துவப் பட்டத்தால் அன்றி ஆய்வுப் பங்களிப்பால் திறப்பதாக இருந்தது. நாள்தோறும் நோயாளியைப் பார்த்தாலும் ஆய்வில் ஈடுபடாத ஒருவருக்கு அங்கு இடமில்லை.

அறுவை மருத்துவர்களின் அமைப்பு வேறு வகையில் தோன்றியது. நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையில் பயிற்சி பெற்றோர் 1940இல் தம் ஆசிரியரின் பெயரால் ஜேம்ஸ் யூவிங் சங்கத்தை அமைத்தனர். ஆசிரியர்-மாணாக்கர் மரபே அதன் தொடக்ககால வாயில். கதிர்வீச்சு மருத்துவர்கள் 1958இல் ஒன்றுகூடியபோது தம் அமைப்புக்குக் ‘கிளப்’ என்றே பெயரிட்டனர். 1966இல்தான் அது சங்கமாயிற்று. பெயர்களே இவ்வமைப்புகளின் இயல்பைக் காட்டிவிடுகின்றன.

நிறமும் உறுப்புரிமையும்

அமெரிக்காவில் தொழில்முறைச் சங்கத்தில் சேர்வது என்பது இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நிறத்தோடு பிணைந்த செய்தியாகவே இருந்தது. இதனை விடுத்துப் புற்றுநோய்ச் சங்கங்களின் வரலாற்றை எழுதுவது இயலாது. சங்கங்கள் தாமே வெளியிடும் ஆண்டுவிழா மலர்கள் இப்பகுதியை விரைந்து கடந்துவிடுகின்றன என்பதால் இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் ஒருவர் அக்காலத்தில் நேரடியாகச் சேர இயலவில்லை. மாவட்ட, மாநிலச் சங்கங்களின் வழியாகவே சேர இயன்றது. தென்மாநிலங்களின் சங்கங்கள் கறுப்பின மருத்துவர்களை ஏற்க மறுத்தன. தலைமைச் சங்கம் அதனை உள்ளூர் உரிமை எனக் கூறி ஒதுங்கிக்கொண்டது. பல ஊர்களில் மாவட்டச் சங்க உறுப்புரிமை இல்லாத மருத்துவர் தம் நோயாளியை மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சை அளிக்கும் உரிமையையும் இழந்தார். எனவே உறுப்புரிமை மறுப்பு தொழில் மறுப்பாகவே முடிந்தது. கறுப்பின மருத்துவர்கள் 1895இல் தமக்கெனத் தேசிய மருத்துவச் சங்கத்தை அமைத்தமைக்கு இதுவே காரணம். இனப்பாகுபாடு காட்டும் உள்ளூர்ச் சங்கங்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தலைமைச் சங்கம் 1968இல்தான் முன்வந்தது. 2008இல் தன் கடந்தகாலத்துக்காக வெளிப்படையாக மன்னிப்புக் கோரியது.

செவிலியரின் நிலையும் இத்தகையதே. கறுப்பினப் பட்டதாரிச் செவிலியர் 1908இல் தனிச்சங்கம் கண்டனர். மேபல் ஸ்டாப்பர்ஸ் முன்னின்று நடத்திய நீண்ட முயற்சியின் பயனாக, மாநிலச் சங்கம் மறுத்தாலும் தேசியச் சங்கத்தில் நேரடியாகச் சேரலாம் என்னும் விதியை அமெரிக்கச் செவிலியர் சங்கம் 1948இல் ஏற்றது. நோக்கம் நிறைவேறியது எனக் கருதிய தனிச்சங்கம் 1951இல் தன்னைத் தானே கலைத்துக்கொண்டது. விதி ஒன்று மாறியதும் ஓர் அமைப்பு தன் தேவை தீர்ந்தது என முடிவு செய்து கலைந்தது வரலாற்றில் அரிய நிகழ்வு.

1964: மருந்து கொடுப்போரின் சங்கம்

இப்பின்னணியில் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் தோற்றத்தை நோக்குதல் வேண்டும். 1940களில் நைட்ரஜன் மஸ்டர்டு, அமினாப்டெரின் ஆகிய மருந்துகளோடு தொடங்கிய வேதிமருந்துச் சிகிச்சை 1960களில் தனித்துறையாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆயினும் அதனைச் செய்வோருக்குத் தனி அவை இல்லை. ஆய்வுச் சங்கத்தின் கூட்டங்களில் ஆய்வகமே முதலிடம் பெற்றது. 1964 ஏப்ரலில் சிகாகோவின் எட்ஜ்வாட்டர் பீச் விடுதியில் எழுவர் கூடிப் புதிய சங்கத்துக்கு வித்திட்டனர். அவ்வெழுவருள் ஒரே பெண்ணும் ஒரே கறுப்பினத்தவரும் ஜேன் ரைட்.

ஜேன் ரைட்டின் தந்தை லூயிஸ் ரைட் ஹார்லெம் மருத்துவமனையில் மருத்துவராக நியமிக்கப்பெற்ற முதல் கறுப்பினத்தவர். அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரி 1934இல் அவரை உறுப்பினராக ஏற்றது. அவர் ஹார்லெமில் தொடங்கிய புற்றுநோய் ஆய்வமைப்பை, 1952இல் அவர் மறைந்தபின் மகள் தலைமையேற்று நடத்தினார். ஃபோலிக் அமில எதிர்ப்பு மருந்துகள் மார்பகப் புற்றுநோயில் பயன் தருவதை 1951இலேயே அவர்தம் குழு வெளியிட்டிருந்தது. புதிய சங்கத்தின் முதல் செயலர்-பொருளாளராகவும் அவரே பணியாற்றினார். உறுப்பினர் பட்டியலையும் சந்தாவையும் பேணும் பொறுப்பு அப்பதவிக்கு உரியது. தந்தையின் தலைமுறையினர் எந்த வாயிலில் தடுக்கப்பட்டனரோ அத்தகைய வாயில் ஒன்றின் பதிவேடு மகளின் கைக்கு வந்தது.

அடுத்த பத்தாண்டுகளுக்குள் மருத்துவப் புற்றுநோயியல் தேர்வுடன் கூடிய தனிப்பிரிவாயிற்று. முதல் தேர்வு 1973இல் நடந்தது. ஆனால் அன்று இச்சங்கம் மருத்துவர்களுக்கானதாக இருந்தது. ஊசி மருந்தை ஏற்றி, வாந்தியையும் வாய்ப்புண்ணையும் காய்ச்சலையும் நாள்தோறும் குறித்துவந்த செவிலியர் அதன் வாயிலுக்கு வெளியே நின்றனர்.

செவிலியரின் வேலையும் பெயரும்

புற்றுநோய்ச் செவிலியம் 1970களில் திடீரெனப் பிறந்ததன்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கேதரின் நெல்சன் 1947இலேயே அத்துறையில் உயர்கல்விப் பாடம் தொடங்கியிருந்தார். ஹூஸ்டன் எம்.டி. ஆண்டர்சன் மருத்துவமனையில் 1955 முதல் ரெனில்டா ஹில்கெமையர் செவிலியத் துறையை வழிநடத்தினார். எனினும் இவை தனித்தனி மருத்துவமனைகளின் முயற்சிகள். ஒரு மருத்துவமனையில் கற்ற பாடம் மற்றொன்றுக்குச் செல்லும் பாதை இல்லை.

1971ஆம் ஆண்டின் தேசியப் புற்றுநோய்ச் சட்டம் நிலைமையை மாற்றியது. நிதி பெருகியது, புற்றுநோய் மையங்களும் மருந்தாய்வுகளும் பெருகின. மருத்துவர் மட்டுமே ஏற்றிவந்த நரம்பூசி மருந்துகள் படிப்படியாகச் செவிலியர் கைக்கு வந்தன. 1974இல் ஒப்புதல் பெற்ற டாக்சோரூபிசின் நரம்புக்கு வெளியே சிறிதளவு கசிந்தாலும் தசையை அழுகச் செய்யக்கூடியது. 1978இல் வந்த சிஸ்பிளாட்டின் கடும் வாந்தியை உண்டாக்குவது. ஊசி குத்திய இடத்தில் எரிச்சல் என நோயாளி கூறும் அந்தக் கணத்தில் செய்யவேண்டியது என்ன என்பது ஆய்வரங்கில் பேசப்படும் செய்தி அன்று. ஆனால் ஒருவரின் கை பிழைப்பதும் பிழைக்காததும் அதனைப் பொறுத்தது.

1973இல் அமெரிக்கச் செவிலியர் சங்கமும் அமெரிக்கப் புற்றுநோய்க் கழகமும் துணைநின்ற தேசிய மாநாட்டுக்குப் பின் சிறு குழுவினர் தனியமைப்பின் தேவையைப் பேசத் தொடங்கினர். 1975இல் புற்றுநோய்ச் செவிலியர் சங்கம் முறைப்படி பதிவு பெற்றது; லிசா பெக் முதல் தலைவரானார். முதல் மாநாடு 1976இல் டொரன்டோவில் நிகழ்ந்தது. அதே ஊரில், அதே காலத்தில் மருத்துவர் சங்கத்தின் கூட்டமும் நடந்தது. இதனைச் சார்புநிலை எனச் சிலர் கருதலாம். பயணச் செலவுக்கும் விடுப்புக்கும் மருத்துவமனையின் இசைவை நாடிய செவிலியருக்கு இது நடைமுறை அறிவு என்றே தோன்றுகிறது. 1975ஆம் ஆண்டிலேயே ஜேம்ஸ் யூவிங் சங்கமும் ஆசிரியர் பெயரை விடுத்து அறுவைப் புற்றுநோயியல் சங்கம் எனத் தன் பெயரை மாற்றிக்கொண்டது. மரபால் அமைந்த சங்கமும் பணியால் அமைந்த சங்கமும் ஒரே ஆண்டில் துறையின் பெயரைத் தாங்கியமை தற்செயலாயினும் குறிக்கத்தக்கது.

சேர்வதால் கிடைத்தது

சங்கத்தில் சேர்ந்த செவிலியருக்கு ஊதியம் உயரவில்லை. கிடைத்தவை வேறு. முதலாவது, பணியின் அளவுகோல். புற்றுநோய்ச் செவிலியத்தின் விளைவுத் தரங்களை இச்சங்கம் 1979இல் அமெரிக்கச் செவிலியர் சங்கத்துடன் இணைந்து வெளியிட்டது. மருத்துவர் ஆணையைச் செவ்வனே நிறைவேற்றினாரா என்னும் பழைய வினாவின் இடத்தில், நோயாளி தம் வலியையும் உணவையும் சிகிச்சையையும் பற்றி என்ன அறிந்திருக்கிறார் என்னும் வினா வந்தது.

மற்றொன்று இதனினும் அடிப்படையானது. 1979இல் பின்லாந்து ஆய்வாளர்கள் ‘லான்செட்’ இதழில் ஒரு குறுங்கட்டுரை வெளியிட்டனர். புற்றுநோய் மருந்துகளைக் கையாளும் செவிலியரின் சிறுநீரில் மரபணுச் சிதைவைத் தூண்டும் பொருள்கள் காணப்படுவதாக அக்கட்டுரை தெரிவித்தது. அக்காலத்தில் பல மருத்துவமனைகளில் நோயாளிக்கூடத்தை ஒட்டிய அறையிலேயே, கையுறையோ காற்றுத்தடுப்புப் பெட்டியோ இன்றி, மருந்துத்தூளைக் கரைத்துவந்தனர். நோயாளியைக் காக்கும் மருந்து, கலப்பவரைத் தாக்கக்கூடும் என்பதைக் கூடத்தில் தனியே பணியாற்றும் ஒருவர் தாமாக அறிதல் இயலாது. இரவுப் பணி முடித்து வீடு திரும்பும் செவிலியர் ஆய்விதழைத் தேடிப் படிப்பார் என எதிர்பார்ப்பதும் பொருந்தாது. சங்கத்தின் இதழும் மாநாடும் உள்ளூர்க் கிளைக் கூட்டங்களும் அவ்வறிவை அவரிடம் கொண்டுசேர்க்கும் வாய்க்கால்களாயின. 1980களில் சங்கம் மருந்தைக் கையாளும் முறை குறித்த வழிகாட்டிகளை வெளியிட்டது. அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு நிருவாகத்தின் வழிகாட்டி 1986இல் வந்தது.

சான்றிதழும் இணை உறுப்பினரும்

1984இல் சான்றிதழ் வழங்கத் தனிக்கழகம் ஒன்று நிறுவப்பட்டு, முதல் தேர்வு 1986இல் நடத்தப்பெற்றது. தேர்வெழுதச் சங்க உறுப்புரிமை கட்டாயமன்று. மேற்கண்ட மருத்துவச் சங்க வரலாற்றை நோக்க, சேர்க்கையையும் தகுதியையும் வெவ்வேறு அமைப்புகளிடம் விட்டது அறிவார்ந்த முடிவாகும்; சங்கத்தில் சேராதவர் தொழிலை இழக்கும் நிலை இங்கு எழவில்லை. ஏறத்தாழ இக்காலத்திலேயே சமூகப் பணியாளரும் தமக்கெனத் தனிச்சங்கம் அமைத்தனர். லண்டனைச் சேர்ந்த ராபர்ட் டிஃபனியின் முயற்சியால் செவிலியருக்கான பன்னாட்டுச் சங்கமும் உருவாயிற்று.

ஆயினும் புற்றுநோய்ச் செவிலியர் சங்கத்துக்கும் வாயில் உண்டு. பதிவு பெற்ற செவிலியருக்கே முழு உறுப்புரிமை. பிறருக்கு இணை உறுப்புரிமை மட்டுமே. மருந்து ஏறிய நோயாளியின் படுக்கை விரிப்பை மாற்றுவோரும் வாந்திக் கிண்ணத்தைக் கழுவுவோரும் அதே மருந்தின் எச்சத்தைத் தொடுகின்றனர். 1907இலும் 1964இலும் 1975இலும் வரையப்பட்ட எந்த உறுப்பினர் வரையறையும் அவர்களைக் கருத்திற் கொண்டதாக இல்லை. அவர்களைப் பற்றிய செய்திகளைத் தேட வேண்டிய இடம் சங்க ஆவணங்கள் அல்ல, மருத்துவமனைகளின் ஊதியப் பதிவேடுகள்.