பர்மா வழிநடையும் ஏதிலியர் எழுத்தும்

தில்லி ஜனக்புரியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று இயங்குவதைத் தலைநகர்த் தமிழர் நன்கறிவர். அதே ஜனக்புரியிலும் அடுத்துள்ள விகாஸ்புரியிலும் பர்மாவினின்று வெளியேறிய சின் இன மக்கள் வாடகை அறைகளில் வாழ்வதைப் பலர் அறியார். 1988ஆம் ஆண்டு மக்கள் எழுச்சி ஒடுக்கப்பட்ட பின்னர் மிசோரம் வழியே இந்தியாவிற்கு வரத் தொடங்கியோர் இம்மக்கள். இவர்தம் நிலையை எண்ணுங்கால் வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' நினைவிற்கு வருகிறது.

1941 டிசம்பர் 23 அன்று இரங்கூன்மீது சப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்தன. அந்நகரில் 'ஜோதி' இதழை நடத்திவந்த சர்மா, 1942இல் துணைவியாருடன் இந்தியா நோக்கி நடந்தார். அவ்வாண்டு பர்மாவை நீங்கிய இந்தியர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர் என மதிப்பிடுவர். பசியாலும் காலராவாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். அவருள் எழுதிவைக்கும் வாய்ப்பற்ற கூலித் தொழிலாளர் பலர். ஆதலின் சர்மாவின் நூல் எழுதப்படாத பலர்க்கும் சான்றாக நிற்கிறது.

தலைப்பிலேயே 'பயணம்' என்னும் சொல் இருத்தலின், இதனைப் பயண இலக்கியத்துள் அடக்குதல் எளிது. எனினும், பயணி திரும்புதற்கு வீடுடையவன். ஏதிலியோ வீட்டை இழந்தமையாலேயே நடப்பவன். இவ்வேறுபாட்டைக் கருதின் இந்நூல் தமிழ் ஏதிலியர் எழுத்தின் முன்னோடி எனலாம்.

இழப்பிற்குப்பின் எஞ்சுவது நம்பிக்கை. 1962இல் பர்மாவில் படையாட்சி ஏற்பட்டு, வணிகம் நாட்டுடைமையாக்கப்பட்டபோது தமிழர் மீண்டும் வெளியேறினர். தமிழகத்தில் வேர்கொள்ளவியலாது பர்மாவிற்கே நடந்து திரும்ப முயன்ற சிலர் எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கினர். அங்கு அங்காள பரமேசுவரிக்குக் கோயில் எடுத்தனர். மேற்குத் தில்லியின் சின் மக்கள் வாடகைக் கூடங்களில் ஞாயிறுதோறும் கூடித் தம் மொழியில் வழிபடுகின்றனர். தெய்வம் வேறாயினும், வந்த இடத்தைத் தம் இடமாக்கிக்கொள்ளும் முயற்சி ஒன்றே.

வேறுபாடும் உண்டு. சர்மாவிற்குத் திரும்பிவரத் தாய்நாடு இருந்தது. சின் மக்களுக்கோ இது அயல்நாடு. 1951ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா ஒப்பமிடவுமில்லை.

1960களில் பர்மாவினின்று திரும்பியோர் இன்று முதுமையுற்றனர். தமிழகத்துப் பர்மா குடியிருப்புகளில் அவர்தம் வாய்மொழிகளைத் தொகுத்தல் தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமையாகும். காலந்தாழ்த்தின், சர்மாவின் நூலுக்குத் துணைச்சான்றாகத்தக்க குரல்கள் கிட்டாமற் போகும்.