அடுத்தடுத்த எண்களும் பட்டைச் சித்திரமும்: எல்லைப்புறத் தமிழ்வழிப் பள்ளிகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

1956ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் கேரள மாநிலம் உருவான பின்னும், பாலக்காட்டுக் கணவாயின் கீழ்வாயிலில் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலும், இடுக்கியின் மலைமேல் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களின் தேயிலைத் தோட்டங்களிலும், தமிழைத் தாய்பாஷையாகக் கொண்ட குழந்தைகள் தமிழிலேயே கணிதம் பயிலும் பள்ளிகள் நிலைபெற்று வந்திருக்கின்றன, மாநிலத்தின் எஸ்.சி.இ.ஆர்.டி. நிறுவனமும் அவர்களுக்காகத் தமிழில் பாடநூல்களை வெளியிட்டு வருகிறது. இப்பள்ளிகளின் யு.பி. வகுப்புகளில், அதாவது ஐந்து முதல் ஏழு வரையுள்ள வகுப்புகளில், அடுத்தடுத்த எண்களைப் பற்றிய கணக்குகளைப் பட்டைகள் வரைந்து கற்பிக்கும் முறையே இங்கு விசாரணைக்குரிய விஷயம். அம்முறை விடையைச் சீக்கிரம் எட்டும் யுக்தியாக மட்டும் நின்றுவிட்டால் அதற்குப் பெரிய பிரயோஜனமில்லை என்பதும், ஒரு கூற்று ஏன் உண்மையாகிறது, மற்றொன்று ஏன் அசாத்தியமாகிறது என்று குழந்தையே கண்டுகொள்ளும் நிரூபணமாக அது அமைய வேண்டும் என்பதும் என் அபிப்பிராயம்.

தோட்டத்து லயத்தில் வரிசையாக அமைந்த மூன்று வீடுகளின் எண்களைக் கூட்டினால் 72 வருகிறது. அவ்வெண்கள் யாவை என்பது கணக்கு என்று கொள்வோம். முதல் எண்ணுக்கு ஒரு பட்டையும், அதன்கீழ் அதே நீளத்தோடு ஓர் அலகுத் துண்டு கூடிய இரண்டாம் பட்டையும், இரண்டு துண்டுகள் கூடிய மூன்றாம் பட்டையும் வரைந்து, மிகையான 3ஐ நீக்கி, எஞ்சிய 69ஐ மூன்றால் வகுத்து 23 என்று காண்பது வழக்கமான முறை. இது சமன்பாட்டின் படிகளையே கோடுகளாக எழுதியதற்கு மேல் அதிகமொன்றும் அன்று. ஆனால் மூன்றாம் பட்டையின் நுனியிலுள்ள ஓர் அலகை வெட்டி முதற்பட்டையின் நுனியில் ஒட்டச் சொன்னால், மூன்று பட்டைகளும் சமமாகி, நடு எண் 24 என்று கழித்தலின்றியே வெளிப்படுவதோடு, எந்த மூன்று அடுத்தடுத்த எண்களின் கூட்டுத்தொகையும் மூன்றால் மீதியின்றி வகுபடும் என்ற பொது உண்மையும் அந்த ஒரே அசைவில் குழந்தையின் கண்முன் நிற்கிறது. தேதித்தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளின் தேதிகளைக் கூட்டி 45 வந்தால், துண்டின் நீளம் ஒன்றுக்குப் பதில் ஏழு என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை, நடுத்தேதி 15.

நான்கு எண்களுக்கு வரும்போதுதான் இம்முறையின் உண்மையான மேன்மை புலப்படுகிறது. மிகைத் துண்டுகள் ஒன்றும் இரண்டும் மூன்றுமாக ஆறு சேர்கின்றன. ஆறை நான்கு பட்டைகளுக்கும் பங்கிட்டால் எப்போதும் இரண்டு மிஞ்சுகிறது. ஆகவே, நான்கால் மீதியின்றி வகுபடும் 100, அடுத்தடுத்த நான்கு எண்களின் தொகையாக முடியாது. படிகளை மட்டும் மனனம் செய்த மாணவன் 100இல் ஆறைக் கழித்து வரும் 94ஐ நான்கால் வகுத்து இருபத்துமூன்றரை என்று எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவான். பட்டையை வரைந்தவனோ அந்த அரையைக் கண்டு நின்று, கேள்வியையே சந்தேகிப்பான். அப்படிச் சந்தேகிப்பவனிடம், 18 முதல் 22 வரையுள்ள ஐந்து எண்களும், 9 முதல் 16 வரையுள்ள எட்டு எண்களும் அதே 100ஐத் தருகின்றனவே என்று காட்டி, 16, 32, 64 ஆகியவற்றையும் இவ்வாறு இயல் எண்களின் தொகையாக எழுத முடியுமா என்று கேட்கலாம். முடியாது. பட்டைகள் ஒற்றைப்படையாயின் அவற்றின் எண்ணிக்கையும், இரட்டைப்படையாயின் முதலும் கடைசியும் இணைந்த நீளமும் தொகையை வகுக்கும் ஒற்றைப்படை எண்ணாக இருக்கும். இரண்டின் அடுக்குகளுக்கோ ஒன்றைத் தவிர அத்தகைய வகுஎண் கிடையாது.

1980களின் ஆரம்பத்தில் சிங்கப்பூரில் கோ டெக் ஹாங் தலைமையிலான பாடநூற் குழு உருவாக்கியதே இன்று உலகெங்கும் வழங்கும் பட்டை முறை. ஆனால் எண்களை நீளங்களாகப் பாவிக்கும் எண்ணம் நம் மண்ணுக்குப் புதிதன்று. சித்தூர்ப்புழையைத் தன்னுள் வாங்கிச் செல்லும் பாரதப்புழை கடலோடு கலக்கும் பொன்னானிக்கு அருகே, திருக்கண்டியூரில் வாழ்ந்த கணித அறிஞர் நீலகண்ட சோமயாஜி, ஆரியபடீயம் என்னும் பழைய கணித நூலுக்கு எழுதிய பாஷ்யத்தில், கூட்டுத்தொடரின் உறுப்புகளை ஓரலகு அகலமுள்ள பட்டைகளாக அடுக்கி, அத்தகைய இரண்டு அடுக்குகளில் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி மற்றொன்றோடு பொருத்தி, முதலும் கடைசியும் சேர்ந்தது நீளமாகவும் உறுப்புகளின் எண்ணிக்கை அகலமாகவும் அமைந்த செவ்வகத்தைக் காட்டுகிறார். தொடரின் தொகை அதில் பாதி. பத்தாம் வகுப்பில் சூத்திரமாக வந்து சேரும் கூட்டுத்தொடருக்கும் யு.பி. வகுப்பின் மூன்று பட்டைகளுக்கும் இடையே இதைவிடச் சிறந்த பாலம் எனக்குத் தெரியவில்லை.

இம்முறைக்கு எல்லைகளும் உண்டு. தொகை பூஜ்யமாகும் மூன்று அடுத்தடுத்த முழு எண்களில் ஒன்று குறை எண். அதற்குப் பட்டை வரைய இயலாது. அங்கே எழுத்துக் கணிதம் வந்தே தீரவேண்டும். ஆதலால் பட்டையின் உள்ளேயே எழுத்தை எழுதும் பழக்கத்தை ஆரம்பத்திலேயே ஏற்படுத்துவது அவசியம். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமுமாக இரு பாஷைகளுக்கிடையே வளரும் இக்குழந்தைகள் கணக்கின் வாக்கியத்தோடு போராடுவதில் இழக்கும் சக்தியைப் பட்டைச் சித்திரம் ஓரளவு மீட்டுத் தருகிறது. எனினும் அழகாக வரைந்ததற்கு மதிப்பெண் என்று விதித்துவிட்டால் அதுவும் வெறும் சடங்காகிவிடும். தமிழ்வழிப் பாடநூல்களை ஆக்குவோரும் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்போரும், எண்கள் யாவை என்ற கேள்வியோடு நிறுத்தாமல், எந்தத் தொகை வரவே வராது, ஏன் வராது என்ற கேள்வியையும் ஏழாம் வகுப்பிலேயே சேர்த்துத் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.