மெல்லோட்டத்தின் வரலாறு
மெல்லோட்டம் என்பது உடன் வருபவரிடம் பேசிக்கொண்டே ஓடும் அளவுக்கு மெதுவான ஓட்டப் பயிற்சியாகும். 1960களின் தொடக்கத்தில் நியூசிலாந்துப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட் இதை நடுத்தர வயதினரிடையே பரப்பினார். 1962-இல் அங்குச் சென்ற அமெரிக்கத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன், தம்மைவிட மூத்த, மாரடைப்பிலிருந்து மீண்ட ஒருவருக்கு ஈடுகொடுத்து ஓட முடியாமல் திணறினார். நாடு திரும்பியதும் பொதுமக்களுக்குப் பயிற்சியளித்தார். 1967-இல் இதயநோய் மருத்துவர் ஹாரிசுடன் இணைந்து நூல் வெளியிட்டார்.

வேகத்தை முன்னிறுத்தாத ஓட்டத்துக்குப் புதுச்சேரியை அடுத்த ஆரோவில்லில் 2008-இல் தொடங்கிய மாரத்தான் ஒரு சான்று. அதில் நேரக்கணக்கோ பரிசோ இல்லை.

மூச்சுத்திறன் சில வாரங்களில் கூடும்; எலும்பும் தசைநாணும் வலுப்பெற மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் அவசரப்படுவோர் பலர் காலில் காயமுற்று ஓட்டத்தையே கைவிடுகின்றனர். ஆகவே பாகூர் ஏரிக்கரையில் ஓடத் தொடங்குபவருக்கும் முதல் பாடம், நடையும் ஓட்டமும் கலந்த மெதுவான தொடக்கமே.