வேலை முடிந்து வேஷம் கட்டியவர்கள்



அடுத்த ஆண்டு நம் குடியிருப்புக்கு வெள்ளி விழா. மலர் ஒன்று கொண்டுவரலாம் என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது, ஆண்டு விழா நாடகங்களைப் பற்றிய பக்கத்தை நான் எழுதுவதாக ஒப்புக்கொண்டேன். எளிய வேலை என்றுதான் நினைத்தேன். முதல் ஆண்டு விழாவில் போட்ட நாடகத்தின் பெயர் என்ன என்று பழைய குடியிருப்போர் ஐந்து பேரிடம் கேட்டேன். மூன்று வெவ்வேறு பெயர்கள் கிடைத்தன. இருவருக்கு நினைவில்லை. அந்த நாடகத்தை எழுதி, தாமே மாமனார் வேஷமும் போட்ட பெரியவர் சென்ற ஆண்டு காலமானார். வீட்டை ஒழித்தபோது அவருடைய நாடக நோட்டுகள் பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டன என்று அவர் மகன் வருத்தத்தோடு சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நோட்டுகள் வேண்டும் என்று நம்மில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

அப்போதுதான் நம் ஊரின் பழைய நாடகக் குழு ஒன்று நினைவுக்கு வந்தது. அதன் கதையை இந்த இதழில் பகிர்ந்துகொள்கிறேன்.

நம் ஆண்டு விழா ஒத்திகை எப்படி நடக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ராஜா அலுவலகத்திலிருந்து நேரே வருவார். தோளில் மடிக்கணினிப் பை தொங்கும். மந்திரிக்கு அன்று இரவு ஷிஃப்ட். ராணியின் பிள்ளைக்கு மறுநாள் தேர்வு. பகலில் வேறு வேலை, மாலையில் வேஷம், கைக்காசு போட்டு நாடகம் என்ற இந்த வழக்கத்துக்குச் சென்னையில் 130 ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்பது சுகுண விலாச சபை.

அந்தக் காலத்தில் நாடகம் என்றால் தொழில்முறைக் கம்பெனிகள்தாம். பாட்டுக்கு மேல் பாட்டாக இரவு முழுவதும் நடக்கும். மக்கள் விரும்பிப் பார்த்தார்கள். ஆனால் நடிப்பவரை மதித்தார்களா என்றால் இல்லை. 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாகவே இருந்தது. படித்த குடும்பத்துப் பையன் மேடை ஏறுவதை வீட்டில் ஒப்பமாட்டார்கள்.

ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் வளர்ந்த பம்மல் சம்பந்த முதலியாரும் சிறு வயதில் தமிழ் நாடகத்தை மதித்தவர் அல்லர். அவர் மனத்தை மாற்றியது ஒரு தெலுங்கு நாடகம். பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லு என்ற வழக்கறிஞர் தம் சரச வினோதினி சபையுடன் 1891-ல் சென்னைக்கு வந்து நாடகங்கள் நடத்தினார். பிற்காலத்தில் 'ஆந்திர நாடக பிதாமகர்' என்று போற்றப்பட்டவர் அவர். அந்தக் குழுவில் நடித்தவர்கள் படித்தவர்கள், உத்தியோகத்தில் இருந்தவர்கள். கௌரவமான மனிதர்கள் கௌரவமாக மேடையில் நிற்க முடியும் என்பதை அந்த இளைஞர் கண்ணால் கண்டார். அப்படியொரு சபை தமிழுக்கு ஏன் இருக்கக் கூடாது என்று நண்பர்கள் சிலர் கூடிப் பேசினார்கள். 1891 ஜூலை 1 அன்று சுகுண விலாச சபை பிறந்தது.

முதல் நாடகம் உடனே மேடையேறிவிடவில்லை. சம்பந்த முதலியார் எழுதிய 'புஷ்பவல்லி' 1893-ல்தான் விக்டோரியா பப்ளிக் ஹாலில் அரங்கேறியது. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அருகில், ரிப்பன் மாளிகைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்புக் கட்டடம்தான் அது. சிஷோம் வரைபடம் போட, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. அதைக் கடந்து எத்தனை முறை ரயிலுக்கு ஓடியிருப்போம்! பல ஆண்டுகள் அதுதான் சபையின் மேடை.

சபை கொண்டுவந்த மாற்றங்கள் இன்று நமக்குச் சாதாரணமாகத் தோன்றும். பாட்டைக் குறைத்து உரைநடை வசனத்தை முன்னே வைத்தார்கள். குறித்த நேரத்தில் தொடங்கி, விடியும்வரை இழுக்காமல் முடித்தார்கள். மறுநாள் காலையில் கோர்ட்டுக்கும் ஆபீசுக்கும் போக வேண்டியவர்கள் அல்லவா! ஷேக்ஸ்பியரைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான். வெனிஸ் நகரத்து வணிகன் 'வாணீபுரத்து வணிகன்' ஆனான். தமிழோடு தெலுங்கு நாடகங்களும் சபையில் நடந்தன.

நடித்தவர்கள் யார்? பின்னாளில் சென்னை மேயரான தீரர் சத்தியமூர்த்தி இந்தச் சபையின் நடிகர். சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரும் இங்கே வேஷம் கட்டியவர். சம்பந்த முதலியாரே வழக்கறிஞராக இருந்து, பின்னர் சிறுவழக்கு நீதிமன்ற நீதிபதியானார். நீதிபதியாக இருப்பவர் நாடகக்காரராகவும் இருக்கலாம் என்று ஊர் ஏற்றுக்கொண்டதே பெரிய மாற்றம்தான்.

பெண் வேஷங்களையும் ஆண்களே போட்டார்கள். சம்பந்த முதலியார் கதாநாயகனாக நிற்கும்போது எதிரே பல ஆண்டுகள் கதாநாயகியாக நின்றவர் சி. ரங்கவடிவேலு. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சபைக்காக எழுதிய நாடகங்கள் சபையோடு நிற்கவில்லை. 'மனோகரா'வைத் தொழில்முறைக் கம்பெனிகள் எடுத்து ஊர் ஊராக நடத்தின. சங்கிலியால் பிணைத்து நிறுத்தப்பட்ட இளவரசனின் கோபத்தை 1954-ல் சிவாஜி கணேசன் நடிப்பிலும் கலைஞர் வசனத்திலும் திரையில் பார்த்தவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். சபை பிறந்து சரியாக 50 ஆண்டு கழித்து, 1941-ல், 'சபாபதி' திரைப்படமாக வந்து மக்களைச் சிரிக்க வைத்தது. அசட்டு எஜமானும் அவருக்கேற்ற வேலைக்காரனும் முதலில் உலவியது சபையின் மேடையில்தான்.

சபை கடல் கடந்து கொழும்புக்கும் சென்று நாடகங்கள் நடத்தியது. அங்கே அவற்றைப் பார்த்து மனம் பறிகொடுத்த இளைஞர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக் க. சொர்ணலிங்கம். சம்பந்த முதலியாரைக் குருவாகக் கொண்ட அவர், 1913-ல் கொழும்பில் லங்கா சுபோத விலாச சபை தொடங்க முன்னின்றார். பின்னாளில் 'கலையரசு' என்று இலங்கை அவரைக் கொண்டாடியது. பல்லாரிக்காரர்களைப் பார்த்துச் சென்னையில் ஒரு சபை. சென்னைக்காரர்களைப் பார்த்துக் கொழும்பில் ஒரு சபை. பார்வையாளராக வந்து உட்கார்ந்த ஒருவர், 'இதை நாமும் செய்யலாமே' என்று எழுந்துபோனதால் வந்த வளர்ச்சி இது.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரிகிறது? இந்தக் கட்டுரையை எழுதியதே இதைச் சொல்லத்தான்.

அந்த நாடகங்கள் நடந்த காலத்தில் படம்பிடித்து வைக்கும் வசதி இல்லை. மேடையில் விளக்கை அணைத்தால் நாடகம் அதோடு போயிற்று. 1930களில், அறுபது வயதை ஒட்டியிருந்த சம்பந்த முதலியார், தம் அனுபவங்களைச் 'சுதேசமித்திரன்' பத்திரிகையில் தொடராக எழுதினார். 'நாடக மேடை நினைவுகள்' என்ற பெயரில் அது ஆறு பாகங்களாக நூல் வடிவம் பெற்றது. எந்த நாடகம், எப்போது, யாருக்கு என்ன வேஷம், யார் நன்றாக நடித்தார், எங்கே தாமே தவறு செய்தார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வெற்றியை எழுதிய கையாலேயே தோல்வியையும் எழுதினார். பின்னால் நாடகம் போட வருபவர்களுக்கு அது பயன்படும் என்று நம்பினார்.

ரங்கவடிவேலுவுக்கு இப்போது வருகிறேன். தொடர் எழுதப்பட்ட காலத்தில் அவர் உயிருடன் இல்லை. அவர் குரலைக் கேட்டவர்கள் யாரும் இன்று நம்மிடையே இல்லை. ஆனால் நினைவுகளைப் படித்துப் பாருங்கள். பக்கத்துக்குப் பக்கம் அவர் வருகிறார். எதிரே நின்று நடித்த நண்பர் உட்கார்ந்து எழுதியிராவிட்டால், அவர் வெறும் பெயராகக்கூட நம்மிடம் வந்து சேர்ந்திருக்கமாட்டார்.

சம்பந்த முதலியார் தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 1959-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1964-ல் மறைந்தார். சுகுண விலாச சபை இன்றும் அண்ணா சாலையில் இருக்கிறது. மனமகிழ் மன்றமாகவே பலரும் அதை அறிவார்கள். காலம் மாறினால் சங்கங்களும் மாறத்தான் செய்யும். சினிமா வந்தது, மேடைக்கு வந்த கூட்டம் அங்கே போனது. சபையின் கட்டடமும் மேடையும் மாறிப்போனாலும், 1893-ல் நடந்த நாடகம் பற்றி இன்று நாம் பேச முடிகிறது. அதற்குக் காரணம் அந்த ஆறு பாகங்கள்.

நாம் சம்பந்த முதலியார் அல்ல. நம் நாடகங்கள் சினிமாவாகப் போவதும் இல்லை. ஆனால் மாமனார் வேஷம் போட்ட அந்தப் பெரியவர் மேடைக்கு வந்ததும் கூடமே சிரித்தது என்று ஐந்து பேரும் சொன்னார்கள். பெயர் மறந்தவர்களுக்கும் அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. எதற்காகச் சிரித்தோம் என்பதை மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். இதுவரை நடந்த எந்த ஆண்டு விழா நாடகத்திலாவது நீங்கள் நடித்திருந்தால், எழுதியிருந்தால், ஒப்பனை போட்டிருந்தால், திரை இழுத்திருந்தால், முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருந்தால்கூட, நினைவில் இருப்பதை ஒரு பக்கம் எழுதிச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். ஆண்டு, நாடகத்தின் பெயர், யார் யாருக்கு என்ன வேஷம், எங்கே வசனம் மறந்தது என்பதெல்லாம் வேண்டும். கையெழுத்து எப்படி இருந்தாலும் பரவாயில்லை. எழுத முடியாத பெரியவர்கள் சொன்னால் போதும். நான் நோட்டும் பேனாவுமாக வீட்டுக்கே வருகிறேன். பழைய புகைப்படங்கள் இருந்தால் நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

வீட்டை ஒழிக்கும்போது அலமாரியில் பழைய நாடக நோட்டு தென்பட்டால், பேப்பர்காரரைக் கூப்பிடுவதற்கு முன் எங்களை ஒருமுறை கூப்பிடுங்கள்.